190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்: சாப்பாடு வீணாகாத வீட்டுக்கு எது ஏற்றது?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் அடுப்பு எரியும் வீடு, நான்கைந்து பேர் சாப்பிடுகிறார்கள் என்றால் 190 லிட்டர் அளவுள்ள ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் போதும். சமைத்ததும் வாங்கியதும் குப்பைக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறவர்கள் அதைவிடப் பெரியதை வாங்கவே வேண்டாம். கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் கேட்பது, "வீட்டில் எத்தனை பேர்?" என்பதுதான். நான்கு பேருக்கு மேல் என்று சொன்னால் நேராக இரட்டைக் கதவு வரிசைக்கு அழைத்துப் போய்விடுவார். ஆள் கணக்கை வைத்து லிட்டரை முடிவு செய்வது தவறான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டுக்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஃப்ரிட்ஜ் பழுது பார்த்து வருகிறேன். பெட்டியை நகர்த்துவதற்கு முன் உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து வைத்தாக வேண்டும்; அதன் பிறகுதான் திருப்புளிக்கு வேலை. ஆகவே ஒரு வீட்டில் என்ன மிஞ்சுகிறது, எது மறந்துபோகிறது என்பது என் கண்ணெதிரே தரையில் வரிசையாக வந்து அமர்ந்துவிடும். எவர்சில்வர் கிண்ணத்தில் என்றைக்கோ வைத்த சாம்பார், அதை மூடிய தட்டின்மேல் இன்னொரு கிண்ணத்தில் பீன்ஸ் பொரியல், பாதி வெட்டிய எலுமிச்சை, தேங்காய்ச் சட்னி, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு வந்த லட்டு, கறுத்துத் தண்ணீர் விட்ட கொத்துமல்லிக் கட்டு, பொங்கி வழிந்து காய்ந்துபோன தோசை மாவு. "இதை எப்போது வைத்தேன் என்றே தெரியவில்லை தம்பி" என்று அந்த வீட்டு அம்மா சொல்வார். பாதிக்கு மேல் அங்கேயே வாளிக்குள் போகும். நெல் விளையும் மண்ணில் பிறந்தவன் நான். எந்த வீட்டிலும் அந்த வாளியைப் பார்க்கும்போது எனக்குப் பழகிப்போகவில்லை.

கெட்டுப்போனவை எங்கே இருந்தன என்று கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். முன்வரிசையில் இருந்தவை கெட்டதே இல்லை. அவை கண்ணில் பட்டன, எடுத்தார்கள், சாப்பிட்டார்கள். கெட்டவை எல்லாம் பின்சுவரை ஒட்டி இருந்தவை, அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் அடியில் சிக்கியவை, அல்லது காய்கறிப் பெட்டியின் அடிமட்டத்தில் கிடந்தவை. குளிர் குறைந்ததால் கெட்டவை கொஞ்சம்தான். பார்வையிலிருந்து மறைந்ததால் கெட்டவைதான் மிகுதி. ஃப்ரிட்ஜ் வாங்கும்போது தட்டின் ஆழத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இனி இந்தப் பெட்டியைப் பற்றி. சென்ற ஆண்டு கோடையில் என் தங்கை வீட்டில் பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் போனது. தங்கை, மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள், தங்கையின் மாமியார் என்று ஐந்து பேர். மாப்பிள்ளை தவணையில் 300 லிட்டர் இரட்டைக் கதவு வாங்கலாம் என்றார். நான் 190 லிட்டர் ஒற்றைக் கதவுப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். டைரக்ட் கூல் வகை, அதாவது விசிறி இல்லாமல் குளிர் தானாகக் கீழே இறங்கும் வகை; விலை 17,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கம்பெனிப் பெயரைத் தவிர்க்கிறேன். இந்த அளவில் கடையில் நிற்கும் பெட்டிகளுக்குள் உள்ளமைப்பில் பெரிய வேறுபாடு கிடையாது.

உள்ளே மேலே சிறிய ஃப்ரீசர், அதன் அடியில் பால் பாக்கெட் வைக்கும் சில்லர் தட்டு, கண்ணாடித் தட்டுகள், அடியில் காய்கறிப் பெட்டி, அதற்கும் கீழே குளிர் போகாத ஒரு இழுப்பறை. நடுத்தட்டில் கையை விட்டால் முழங்கை வெளியே இருக்கும்போதே விரல் பின்சுவரைத் தொட்டுவிடும். இரண்டு வரிசைக் கிண்ணங்கள் நிற்கும், மூன்றாவது வரிசைக்கு இடமில்லை. குனியாமல், எதையும் நகர்த்தாமல், கதவைத் திறந்த மாத்திரத்தில் உள்ளே இருப்பது முழுவதும் தெரிகிறது. இந்தப் பெட்டிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இதற்காகத்தான். இதற்கு நேர்மாறானவை அலமாரி போல இரண்டு கதவு பக்கவாட்டில் திறக்கும் பெரிய பெட்டிகள். தட்டு குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும். பின்னால் போன டப்பாவை எடுக்க முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். சமைத்துக் களைத்த ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு அதைச் செய்ய மாட்டார்.

வெப்பநிலையையும் அளந்தேன். சமைத்த உணவு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் கிருமி பெருகுவது மட்டுப்படும். 5 முதல் 60 டிகிரி வரை அவை வேகமாகப் பெருகும். தண்ணீர் நிறைந்த டம்ளருக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுவதும் விட்டுவைத்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும், காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் மாறும். நடுத்தட்டில் 4-க்கும் 5-க்கும் இடையே இருந்தது. சில்லர் தட்டு அதைவிடக் குளிர்ச்சி. கதவுத் தட்டில் 9. ஒற்றைக் கதவுப் பெட்டியில் குளிர் மேலே உருவாகித் தானாக இறங்குவதால் கீழே போகப் போகக் குளிர் குறையும், காய்கறிப் பெட்டியில் 8 காட்டியது. காய்கறிக்கு அது நல்லது. ஆனால் கதவில் பால் வைக்கிற வழக்கத்தை விட வேண்டும். தண்ணீர்ப் பாட்டில், ஊறுகாய், சாஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே கதவு. பால் திரிந்துவிட்டது, கேஸ் குறைந்துவிட்டதா பாருங்கள் என்று என்னை அழைக்கும் வீடுகளில் பல நேரம் கேஸ் சரியாக இருக்கும், பால் கதவில் இருக்கும்.

சரி, பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கி ஒழுங்காக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். காலி இடம் இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் கணவர். அடுத்த நாள் சமைக்கிறவர் மனைவி. வீட்டில் ஏற்கெனவே முட்டைக்கோஸ் இருப்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. கடையில் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று இருக்கும். கீரை மலிவாக இருக்கும். இடம் இருக்கிறதே என்று மூன்று கட்டு வந்துவிடும். முருங்கைக்கீரை மறுநாளே உதிரத் தொடங்கும் என்பது சமைக்கிறவருக்குத் தெரியும், அவரிடம் யாரும் கேட்கவில்லை. இந்தப் பிளவை, வாங்கும் கையும் சமைக்கும் கையும் வேறாக இருப்பதை, நான் பார்த்த காரணங்களில் மிகப் பெரியதாகச் சொல்வேன். தங்கை வீட்டில் இப்போது மாப்பிள்ளை கடைக்குக் கிளம்பும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறார். ஆழமில்லாத பெட்டி என்பதால் ஒரே படத்தில் எல்லாம் விழுந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் ஃப்ரிட்ஜின் அளவைச் சமையலறை முடிவு செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணச் சீர்வரிசையில் கட்டில், பீரோவுடன் ஃப்ரிட்ஜும் வரிசையில் நிற்கும். வருகிறவர்கள் பார்வையில் அது பெரியதாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குப் பாசத்தோடு வாங்கி அனுப்புவதும் பெரிய பெட்டிதான். இரண்டு முதியவர்கள், 300 லிட்டருக்கு மேல் ஒரு ஃப்ரிட்ஜ். அந்த அம்மா பாவம், இத்தனை பெரிய பெட்டி காலியாக இருந்தால் வீடு வெறிச்சோடியிருப்பதாக நினைத்து எதையாவது வைத்துக்கொண்டே இருப்பார்.

இது பணக்கார வீட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு வீணாதல் குறியீட்டு அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வீடுகள், உணவகங்கள், கடைகளில் 105 கோடி டன் உணவு வீணானதாகக் கணக்கிடுகிறது. அதில் 63 கோடி டன், அதாவது ஐந்தில் மூன்று பங்கு, வீடுகளிலிருந்து வந்தது. தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ. இந்திய வீடுகளுக்கு அந்த அறிக்கை தரும் மதிப்பீடு தலைக்கு 55 கிலோ. தோல், எலும்பு போன்ற தின்ன முடியாத பகுதிகளும் இதில் சேரும் என்பதால் 55 கிலோவும் சோறு குழம்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு எண். பணக்கார நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் வீட்டளவில் இருக்கும் வேறுபாடு தலைக்கு 7 கிலோதான். வெப்பம் மிகுந்த நாடுகளில் வீடுகளில் வீணாவது கூடுதலாக இருப்பதாகவும் அறிக்கை சொல்கிறது. தோலும் கொட்டையும் மிகுந்த புதிய காய்கனிகளை அங்கே அதிகம் சாப்பிடுவதும், விளைந்த இடத்திலிருந்து வீடு வரை குளிர்ச்சி தொடராததும் காரணங்களாக இருக்கலாம் என்கிறது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இது விளக்கமில்லாமலே புரியும். குடிசை வீட்டிலும் மாடி வீட்டிலும் வேலை செய்த எனக்கு, அந்த 7 கிலோ வியப்பாக இல்லை.

மிஞ்சுவதற்கே காரணம் என்ன என்றால், முதலில் அச்சம். யாராவது வந்துவிட்டால் சோறு இல்லை என்று சொல்லும் நிலை வரக் கூடாது என்ற அச்சம். உலையில் அரிசி போடும்போதே ஒரு ஆழாக்கு கூடுதலாக விழும். அது நல்ல மனத்திலிருந்து வருகிற பழக்கம், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முன்பு அப்படி யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். இப்போது வருகிறவர்கள் முதலில் போன் செய்கிறார்கள். ஆழாக்கு மட்டும் மாறவில்லை. அடுத்தது, ஒரே வீட்டில் வெவ்வேறு நேரம். மாப்பிள்ளை வேலை முடிந்து வெளியிலேயே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவார், அந்தச் செய்தி சமைத்து முடித்த பிறகுதான் வரும். பிறகு பிள்ளைகள். நேற்றுக் குழம்பு என்றால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். கடைசியில் அந்த மிச்சத்தை யார் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண், தனியாக, எல்லோருக்கும் பிறகு, ஆறிப்போனதை. அவரும் முடியாதபோது அது ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. உடனே கொட்ட மனம் வராது. நாளை பார்க்கலாம் என்று உள்ளே வைத்துவிட்டால் மனம் சமாதானமாகிவிடும். நான்கு நாள் கழித்துக் கொட்டும்போது, கெட்டுவிட்டதே என்ற நியாயம் கிடைத்துவிடும். பெரிய ஃப்ரிட்ஜ் இந்த ஒத்திவைப்புக்கு இடம் கொடுக்கிறது. சிறிய ஃப்ரிட்ஜில் இன்று இரவு குழம்பை வைக்க வேண்டுமானால் நேற்றுக் குழம்புக்கு இன்றே ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

தங்கையின் மாமியார் இதில் தேர்ந்தவர். அவர் வீட்டில் சோறு மிஞ்சினால் அது ஃப்ரிட்ஜைப் பார்ப்பதே இல்லை. தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்துவிடுவார். காலையில் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துப் பழைய சோறு. கோடையில் மிஞ்சிய சோற்றைச் சீரகம், உப்பு, மிளகாய் சேர்த்துப் பிசைந்து வெயிலில் கிள்ளி வைத்தால் வடகம். இட்லி மிஞ்சினால் உப்புமா. மாவு புளித்தால் வெங்காயம் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். விசேஷ வீட்டில் சாம்பாரும் கூட்டும் காரக்குழம்பும் மிஞ்சினால் ஒரே சட்டியில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சுவார். அந்தச் சுண்டக்குழம்புக்காகவே மறுநாள் சோறு கூட இறங்கும். இவையெல்லாம் மிச்சத்துக்கு அன்றிரவே ஒரு முடிவு எடுக்கிற முறைகள். ஃப்ரிட்ஜ் வந்த பிறகு அந்த முடிவை எடுக்கும் பழக்கம் பல வீடுகளில் அற்றுப்போய்விட்டது. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் சமையலறையில் இருக்கும் வீட்டையும் இல்லாத வீட்டையும் நான் உள்ளே இருக்கும் கிண்ணங்களை வைத்தே சொல்லிவிடுவேன்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கிற ஆசைக்கு எல்லை வேண்டும். சோற்றை இரவு முழுவதும் பானையில் சும்மா விட்டுவைத்துக் காலையில் சூடாக்கிச் சாப்பிடுவது ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து கொதியிலும் தப்பி, சோறு ஆறிக் கிடக்கும்போது நஞ்சை உருவாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நீரூற்றிப் புளிக்க வைத்த சோற்றில் அமிலம் கூடுவதால் அதன் கதை வேறு. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். பெரிய குண்டானோடு வைக்காமல் அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்தால் சீக்கிரம் ஆறும். அதேபோல் பாக்கெட்டில் இருக்கும் தேதியைப் பார்த்து நல்ல பொருளைக் கொட்டிவிடுவதும் நடக்கிறது. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைப்படி காலாவதித் தேதி கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' என்று தனியாகப் போட்டிருந்தால் அது சுவையும் தரமும் குறையத் தொடங்கும் நாள், அன்று பொருள் நஞ்சாகிவிடாது. கொட்டுவதற்கு முன் எந்தத் தேதி என்று படியுங்கள்.

காய்கறிக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்குள் திணிப்பதே பாதி வீணாவதற்குக் காரணம். கத்தரிக்காய், வெண்டைக்காய், வெள்ளரி மூன்றும் கடுங்குளிர் தாங்காதவை. மேல்தட்டில் வைத்தால் தோலில் பள்ளம் விழுந்து பழுப்பேறும். கீழே காய்கறிப் பெட்டியில், துணியில் சுற்றி, இரண்டு மூன்று நாளுக்கு மட்டும். வாழைப்பழம் வெளியே இருக்கட்டும். தக்காளி பழுக்கும் வரை வெளியேதான், குளிரில் அதன் மணம் போய்விடும். பழுக்கும் தக்காளியும் வாழையும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. பக்கத்தில் கீரையும் கொத்துமல்லியும் இருந்தால் அவை சீக்கிரம் மஞ்சளாகும். உருளைக்கிழங்கு குளிரில் இனித்துப்போகும். கீழ் இழுப்பறையை வெங்காயத்துக்கு மட்டும் ஒதுக்கி, உருளைக்கிழங்கைத் தனிக் கூடையில் வையுங்கள்; இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டும் முளைக்கும், அழுகும். இந்த இழுப்பறை சிறியதுதான். இரண்டு கிலோ வெங்காயத்தோடு நிறைந்துவிடும். எனக்கு அதுவும் சரியான அளவாகவே படுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் குறை ஃப்ரீசர். மல்லிப்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் மீன் இறங்கும் ஊரில் இருக்கிறோம். விலை இறங்கும் நாளில் மூன்று கிலோ வாங்கி வைக்கலாம் என்றால் இந்த ஃப்ரீசரில் இடம் இல்லை, ஒற்றைக் கதவுப் பெட்டியின் ஃப்ரீசர் நீண்ட நாள் சேமிப்புக்குத் தேவையான மைனஸ் 18 டிகிரியில் நிலையாக நிற்கும் என்றும் நான் உறுதி சொல்ல மாட்டேன். மீனை ஒரு நாள், இரண்டு நாள் வைக்கலாம். மாதக் கணக்கில் வைக்க நினைப்பவர்களுக்கு இது உதவாது.

இரண்டாவது, ஐஸ் பிடிக்கும். விரல் பருமன் ஏறிவிட்டால் குளிர் கீழே இறங்காது, பால் திரியத் தொடங்கும். வாரம் ஒருமுறை டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தி வழியும் தண்ணீரைத் துடைத்துவிட வேண்டும். பொறுமையில்லாமல் கத்தியால் குத்தி ஐஸைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டு, கேஸ் முழுவதும் போன பிறகு என்னை அழைத்தவர்கள் ஏராளம். அந்தச் செலவுக்குக் கிட்டத்தட்டப் பாதி ஃப்ரிட்ஜ் வாங்கலாம். இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் இந்தத் தொல்லை கிடையாது, உண்மைதான். ஆனால் அங்கே விசிறி உலர்ந்த காற்றை வீசிக்கொண்டே இருப்பதால், மூடாமல் வைத்த சோறும் நறுக்கிய காயும் சீக்கிரம் வறண்டுபோகும். எந்த வகையானாலும் மூடி வையுங்கள், முடிந்தால் கண்ணாடி டப்பாவில். எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் தட்டைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது ரசமா பாயசமா என்று திறந்து பார்க்காமல் தெரியாது, திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

மூன்றாவது, குளிர் அளவுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண் போட்ட திருகு மட்டும்தான். எத்தனை டிகிரி என்று காட்டாது. கதவு திறந்திருந்தால் ஒலி எழுப்பும் வசதியும் இல்லை. ரப்பர் கேஸ்கெட் தளர்ந்ததா என்று நீங்களே சோதிக்கலாம். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், தாள் தடையின்றி வழுக்கி வந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

மின்வெட்டு நாளையும் சேர்த்து யோசித்துத்தான் இந்த அளவைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. கிராமங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. மூடிய ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும்; நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை. அதற்கு மேல் எந்தக் கம்பெனியின் பெட்டியும் தாங்காது. பெரிய ஃப்ரீசரில் மீனும் கறியும் நிரப்பியிருந்த வீடுகளில் அந்த வாரம் நான் பார்த்ததை எழுத மனம் வரவில்லை. வாசலுக்கு வெளியே உணவுப் பொட்டலத்துக்கு மக்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை.

யார் இதை வாங்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். இருவரும் வேலைக்குப் போய், வாரம் ஒரு நாள் மட்டும் சமைத்துப் பிரித்து உறைய வைக்கிறவர்களுக்கு நல்ல ஃப்ரீசருள்ள இரட்டைக் கதவுதான் சரி. எது எந்த நாளுக்கு என்று எழுதி ஒட்டும் பழக்கம் உள்ளவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பெட்டியில் நான் கெட்டதைக் கண்டது குறைவு. இன்சுலின் வைப்பவர்களுக்கும் இந்தப் பெட்டியில் தடையில்லை, ஆனால் ஃப்ரீசரை ஒட்டிய மேல்தட்டில் வைக்காதீர்கள், உறைந்துவிட்டால் பயனில்லை. நடுத்தட்டில் தெர்மாமீட்டரோடு வையுங்கள். மற்றபடி சந்தை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறவர்கள், தினமும் சமைக்கிறவர்கள், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, இவர்கள் அனைவருக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். மின்செலவுக்கு நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட் எண்ணையும், லேபிள் எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் படியுங்கள். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால் பழைய ஆண்டின் நான்கு நட்சத்திரம் புதிய அளவுகோலில் குறைந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்துத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். கோடையில் திருகை 4 அல்லது 5-இல் வையுங்கள், மார்கழியில் 3 போதும். கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு மாவுக் குண்டானை ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, நடுத்தட்டில் அதை வைத்துப் பாருங்கள். அதன் பின்னால் இன்னொரு குண்டான் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இடம் இருந்தால், அந்தப் பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.